நானூறாவது மீட்டரில் எடுத்த துண்டு

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையின் புதுச் சாலையை ரேடார் வண்டியில் அளந்து வந்த நாளிலிருந்து லோகேஸ்வரிக்கு நிம்மதி இல்லை. ரேடார், அலை கீழே போய்த் திரும்பும் நேரத்தைத்தான் சொல்லும். தாரின் கனம் தெரிய, ஓரிடத்தில் துளைபோட்டு ஒரு துண்டை எடுத்து, அதை வைத்து அலையின் வேகத்தைக் கணக்கிட வேண்டும். துண்டைக் கொண்டுவந்தவர் சுகுமாரன். ஒன்பது வருடமாக அவளோடு ஒரே வண்டியில் போகிறவர். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தனியாகவே போய் வேலையை முடித்து வருபவர். துண்டு பத்து சென்டிமீட்டர் இருந்தது. ஒப்பந்தத்தில் கேட்ட அதே கனம்.

ஆனால் அந்தக் கணக்குப்படி அலை எந்தத் தாரிலும் ஓடாத வேகத்தில் ஓடியிருந்தது.

"எந்த இடத்துல எடுத்தீங்க அண்ணே?"

"நானூறாவது மீட்டர்ல. மெஷின் பழசு லா, லோகேஸ்."

அவர் சொன்னதை நம்பி, ஜார்ஜ் டவுன் அலுவலகத்தில் இரண்டு நாள் ரேடார் கருவியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். சுகுமாரன் பக்கத்தில் உட்கார்ந்து கேபிளைப் பிடித்துக்கொண்டார். தே தாரிக் டீகூட வாங்கி வந்து கொடுத்தார். கருவியில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, துளைபோடும் பையன் ஹைக்கலை அழைத்துக்கொண்டு பாலம் தாண்டி அந்தச் சாலைக்குப் போனாள். நானூறாவது மீட்டரில் துளையை அடைத்த தடமே இல்லை.

"இங்க யாரும் கோரெக் பண்ணி ஓட்டை போடவே இல்லையே, அக்கா," என்றான் ஹைக்கல்.

அங்கேயே துளைபோட்டு அவன் எடுத்த துண்டு ஆறே முக்கால் சென்டிமீட்டர்.

சூலியா தெருக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுகுமாரன் முன்னால் அதை வைத்தாள். சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

"ரோடு போட்டவன் என் மச்சான். வேற ரோட்டுத் துண்டு ஒண்ணு கொடுத்தான்."

"ரெண்டு நாள் நான் மெஷினைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். பக்கத்துலதானே இருந்தீங்க?"

"பழியை மெஷின் மேல போட்டுட்டா யாருக்கும் பிரச்சினை இல்லேன்னு நெனச்சேன்."

"அந்த மெஷினை ஓட்டுறது நான்தானே அண்ணே."

இப்போதும் வாய் அண்ணே என்றுதான் சொன்னது. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அன்றே இரண்டு துண்டுகளையும், கொண்டுவந்தவர்கள் பெயரோடு அறிக்கையில் எழுதி அனுப்பினாள். சாலையைச் சுரண்டி மறுபடி போடச் சொல்லி உத்தரவு வந்தது. சுகுமாரன் வேலையிலிருந்து நின்றார், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது ஹைக்கல் துளைபோடும்போதெல்லாம் லோகேஸ்வரி வண்டியை விட்டு இறங்கிப் பக்கத்தில் போய் நின்று பார்க்கிறாள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்கும்தான்.