பாலத்தடி வியாபாரம்

"இந்த ஊர்ல வரியை யாரும்மா போடுவாங்க?"

"ஊர்த் தலைவரா யார் இருக்காங்களோ அவங்கதான், மாமா. இஷ்டத்துக்கு வச்சுக்கலாம்."

"மேலதிகாரின்னு ஒருத்தரும் கிடையாதா?"

"கிடையாது மாமா."

அன்றைக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவர்தான் மாமனார். வணிகவரி அலுவலகத்தில் ஆயுசெல்லாம் தலையாட்டி ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் சமையலறைக்குள் வந்து, அடுப்பைக் குறைச்சு வை, குழாயை இறுக்கி மூடு என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். தப்பித்தால் போதும் என்று மருமகள்தான் அவருக்கு அந்த இணைய விளையாட்டைக் காட்டிக் கொடுத்தாள். கல்லூரிக் காலத்திலிருந்து அவள் அதில் மூலிகை விற்கிறவள். வந்த வேகத்தில் அவர் ஓட்டு வாங்கி, அவள் கடை வைத்திருந்த துறைமுக ஊருக்கே தலைவராகிவிட்டார்.

ஊரோடு சேர்த்து, வீட்டில் சும்மா கிடந்த வாசலறையும் அவர் வசமானது. இரண்டு திரை, ஒரு சுழல்நாற்காலி. மருமகளோ பிசியோதெரபிஸ்ட். மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தாள். தெருவிலிருந்து படியேறாமல் நுழையக்கூடிய அறை வீட்டில் அது ஒன்றுதான். முட்டிவலிக்காரர்களை வேறெங்கே வரச் சொல்வது? அந்த அறையைக் கேட்டுவிட வேண்டும் என்று கல்யாணமான வருஷத்திலிருந்து நினைக்கிறாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை தொண்டைக்குழியோடு நின்றுவிடும்.

இதற்கிடையில் தலைவர் சந்தை வரியை ஏற்றிக்கொண்டே போனார். நூற்றுக்கு இருபத்தைந்து. வியாபாரிகள் வாய் திறக்கவில்லை. சந்தையை விட்டுவிட்டுப் பாலத்தடியில் கூடி, கைக்குக் கை பண்டம் மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றினால் வரி கிடையாது. அந்த வழியை முதலில் கண்டுபிடித்தவளே மருமகள்தான்.

கஜானா காய்ந்தது, கோட்டைச் சுவரைச் செப்பனிட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை டீயை உறிஞ்சியபடி, "முப்பதாக்கப் போறேன்" என்று அறிவித்தார் அவர்.

தங்கள் அறைக்குள் வந்ததும் அவள் கணவனிடம் சொன்னாள். "நான் இன்னைக்கு ஊர்சபையில பேசப் போறேங்க."

"அப்பாகிட்டயா? நான் சைக்கிள் கேட்டதுக்கே மனு எழுதிட்டு வரச் சொன்னவரு."

"கிடைச்சுதா?"

"எங்க எழுதினேன்?"

அவள் ஹெட்போனை மாட்டினாள். சபையில் நாற்பது வியாபாரிகள் கூடியிருந்தார்கள், ஊமை மாதிரி. அவள் மைக்கைத் திறந்தாள்.

"தலைவரே, வரி பத்துக்கு மேல போனா சந்தை தாங்காது."

ஹெட்போனிலும் சுவருக்கு அப்பாலும் மாமனாரின் இருமல் சேர்ந்து கேட்டது. "ஏய்க்கிறவங்களுக்கு எதுக்கும்மா சலுகை?"

"பாலத்தடி வியாபாரத்தை ஆரம்பிச்சதே நான்தான். ஆனா அங்க ஒரு மூட்டை கைமாறவே பொழுது போயிடுது. பத்துன்னு வைங்க, நாளைக்கே சந்தைக்குத் திரும்பிடுவோம். முப்பதுன்னா எதிர்க்கரை ஊருக்குப் போயிடுவோம். நானும்தான்."

"மிரட்டறியா?"

"இல்ல. உள்ளதைச் சொல்றேன்."

சுழல்நாற்காலி கிறீச்சிடும் சத்தம் வெகுநேரம் வந்தது. கட்டில் நுனியில் கணவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் திரையில் எண் மாறியது: பத்து. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கைதட்டும் பொம்மைப் படங்களைக் கொட்டினார்கள்.

"இவ்வளவு நாளா ஒருத்தரும் வந்து கேக்கலியே" என்றார் தலைவர். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் மனத்தாங்கல் மாதிரி இருந்தது. "கேட்டாத்தானே எனக்குத் தெரியும்?"

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். இப்போது விட்டால் இன்னொரு வருஷம் ஓடிவிடும்.

"எங்க போறே?" என்றான் கணவன்.

அவள் கூடத்தைக் கடந்து போய் வாசலறைக் கதவைத் தட்டினாள். மாமனார் நாற்காலியோடு திரும்பினார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

"அதான் குறைச்சாச்சேம்மா. இன்னும் என்ன?"

வார்த்தை வழக்கமான இடத்தில் வந்து நின்றது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அதை வெளியே தள்ளினாள்.

"மாமா, கிளினிக் வைக்க இந்த ரூம் எனக்கு வேணும்."