பின்கண்ணாடிக்கு ஒரு பொட்டு

உலகத்தில் எல்லாரும் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான் கார் ஓட்டுகிறார்கள். பின்கண்ணாடிக்காகவே கார் வைத்திருந்தவர் என் வீட்டுக்காரர் வேங்கடசுப்ரமணியன் ஒருவர்தான். அந்த நாளில் பம்பாய் மாதுங்காவில் எங்கள் கட்டடத்துக்கே இரண்டு கார்கள். அதில் ஒன்று நம்முடையது என்று மற்றவர்கள் திருப்திப்பட்டிருப்பார்கள். இவருக்கு அது போதவில்லை. ஆபீசுக்கு வந்த ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில், பின்கண்ணாடிமேல் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் கார் ஒன்றின் படத்தைப் பார்த்துத் தொலைத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

தாராவியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த நாகூர் மீரானைப் பிடித்து அதே மாதிரி ஒன்று செய்துகொண்டார். டிக்கியில் தண்ணீர் நிரப்பிய பெரிய கண்ணாடிப் புட்டி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும்போது அமுக்குவார்களே, அந்த ரப்பர் உருண்டை. அதை அமுக்கினால் காற்று ஒரு குழாய் வழியாகப் போய்ப் புட்டிக்குள் முட்டும். புட்டித் தண்ணீர் இன்னொரு குழாயில் ஏறி, பின்கண்ணாடிக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த பித்தளை மூக்கு வழியாகப் பீய்ச்சும். அதோடு சரி. துடைக்க வைப்பர் கிடையாது. இவரே இறங்கிப் போய்த் துணியால் துடைத்துவிட்டு வந்து உட்காருவார். முன்கண்ணாடிக்கு இந்த உபசாரம் எதுவும் இல்லை.

"முன்னாடி எல்லாரும் வெச்சுக்கலாம் ருக்கு. பின்னாடி யார்கிட்ட இருக்கு?" என்பார்.

யாரிடமும் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முன்பே என் அப்பா பாலக்காட்டிலிருந்து வந்து, கல்யாணில் என் அக்கா அகிலாண்டத்தின் ரயில்வே குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். கண் பாதி போய்விட்டது. இனிமேல் பம்பாய்ப் பக்கம் வரப்போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். மாதுங்காவில் லோக்கல் ஏறினால் நேரே கல்யாண். ஆனால் ரயிலில் போகிறேன் என்று நான் வாயைத் திறந்தால் போதும், "கார் இருக்கறச்சே ரயில் என்னத்துக்கு?" என்பார் இவர். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. ஒரு ஞாயிறு டயர், ஒரு ஞாயிறு பாலிஷ், ஒரு ஞாயிறு தலைவலி. கடைசியில் விஜயதசமியன்று பிற்பகல் மதராஸ் வண்டியில் அப்பா ஊர் திரும்புகிறார் என்று ஆனது. அன்றைக்குக் கண்டிப்பாகக் கூட்டிப்போவதாகச் இவர் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். நானும் நம்பினேன். எத்தனை பட்டாலும் எனக்குப் புத்தி வருவதில்லை.

முதல்நாள் ஆயுதபூஜை. காருக்கு மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம், விளக்குக்கு விளக்கு சந்தனம் குங்குமம். பித்தளை மூக்குக்கு மட்டும் தனி மரியாதை. நான் அரைத்துக் கொடுத்த சந்தனத்தில் ஒரு கோலிக்குண்டு அளவு எடுத்து அதன்மேல் அப்பி, நடுவில் குங்குமத்தையும் வைத்து, இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அப்படிப் பொட்டு வைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை புனர்பூஜை முடிந்தது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அப்பாவுக்குப் பிடித்த அரிநெல்லிக்காய் ஊறுகாய்ப் பாட்டிலோடு கீழே இறங்கினேன். இவர் காரில் உட்கார்ந்து உருண்டையை அமுக்கினார். தண்ணீர் வரவில்லை. இன்னும் அமுக்கினார். வரவே இல்லை.

"ருக்கு, இது சரியாகாம வண்டி எடுக்கப்படாது. விஜயதசமியும் அதுவுமா குறையோட கிளம்பினா வருஷம் முழுக்க அப்படியே இருக்கும்."

"மழையே விட்டாச்சு. பின்கண்ணாடில தூசிகூட இல்லை. அப்பா ரெண்டு மணிக்கு மேல இருக்கமாட்டார்."

"மீரானுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். அஞ்சு நிமிஷ வேலை."

மீரான் சைக்கிளில் வந்தார். அவரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், நல்ல மனிதர், ஆனால் வாய் மட்டும் ஊர்க்கோடி கொலாபாவரைக்கும் நீளும். தம் கையால் செய்த சாமான் கெட்டுப்போகும் என்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

"என் பம்பு ஏக்தம் பக்கா சார். வேற யாரும் கை வெச்சாகளா?" என்று ஆரம்பித்தார்.

"நான் ஒருத்தன்தான் தொடறேன், பாய்."

"அப்பச் சரி, பாத்துருவோம்."

புட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தார், தண்ணீர் இருந்தது. உருண்டையைக் காதில் வைத்து அமுக்கிக் கேட்டார், காற்று வந்தது. குழாய் எங்கேயோ மடங்கியிருக்கிறது என்று பின்சீட்டைக் கழற்றி வாசலில் போட்டார். நான் உட்கார்ந்து போகவேண்டிய சீட் நடைபாதையில் கிடந்தது. குழாய் மடங்கவில்லை. கடைசியில் டிக்கிக்குள் தலையை விட்டு, மூக்கின் அடியில் சொருகியிருந்த குழாயைப் பிடுங்கி, "அமுக்குங்க சார்" என்றார். இவர் அமுக்க, தண்ணீர் பீய்ச்சி மீரானின் சட்டையை நனைத்தது.

குழாய்வரை தண்ணீர் வருகிறது, மூக்கைத் தாண்டி வரவில்லை. இதற்குப் பிறகு தகராறு எங்கே என்று பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மீரான் குழாயைத் திரும்பச் சொருகிவிட்டு, "சீட்டுக்கடியில இன்னொருக்கா பாக்குதேன்" என்றார். இவரும் "ஆமாம், நன்னாப் பாரும்" என்றார்.

நான் பொறுத்துப் பார்த்தேன். வெயில் ஏறி, பட்டுப்புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. மறுபடி உருண்டை, மறுபடி புட்டி, மறுபடி குழாய். பிறகு மீரான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"ஒண்ணு செய்யலாம் சார். இதுக்குப் பக்கத்துல தகரத்துல புதுசா ஒரு ஓட்டை போட்டு, வேற மூக்கு வெச்சுருவோம்."

என் வீட்டுக்காரர் மோவாயைத் தடவிக்கொண்டு அதையும் யோசித்தார். உயிருக்கு உயிரான காரில் துளை போட அவருக்குச் சம்மதம். சந்தனத்தைச் சுரண்டத்தான் மனசில்லை.

"ஏன் பாய், அந்தப் பொட்டை எடுத்துப் பார்த்தா என்ன?" என்று நானே கேட்டேன்.

"எம்மா, அது சாமி காரியம். நான் அதுல கை வைக்கலாமா? நாளைக்கு வண்டி எங்கயாச்சும் இடிச்சா, மீரான் கை பட்டுச்சு, அதான்னு சொல்லுவாக."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சொல்லக்கூடிய மனிதர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்கு என்ன? நீங்க வெச்ச பொட்டுதானே?"

"பூஜைப் பொட்டு தானா உதிரணும் ருக்கு. போன வருஷம் கூர்க்கா லைட்ல இருந்த பொட்டைத் துடைச்சான். அந்த வாரமே கைவண்டிக்காரன் இடிச்சுட்டான். ஞாபகம் இருக்கோல்லியோ?"

"அது தானா உதிரறதுக்குள்ள அப்பா பாலக்காடு போய்ச் சேர்ந்துடுவார்."

மீரான் சீட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்குப் பக்தி, மற்றவருக்கு மரியாதை. இரண்டுக்கும் நடுவில் கல்யாணில் ஒரு கிழவர், வாசலில் கார் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புட்டியைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைத்திருப்பேன்.

திருமாங்கல்யச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினேன். காய்ந்துபோன சந்தனத்தில் நுனியை வைத்து ஒரு நெம்பு நெம்பினேன். பொட்டு வில்லையாக என் உள்ளங்கையில் விழுந்தது. துளைக்குள் அடைத்திருந்ததையும் குத்தி எடுத்தேன்.

"ருக்கு, அபசாரம்" என்றார் இவர்.

"அமுக்குங்கோ."

அமுக்கினார். தண்ணீர் பின்கண்ணாடி முழுக்கப் பீய்ச்சி வழிந்தது. "நான் சொல்லலை? பம்பு பராபர்" என்றார் மீரான். இவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மறுபடி அமுக்கினார். இறங்கி வந்து துடைத்தார். திரும்பப் போய் அமுக்கினார். மாடி வீட்டு நம்பிராஜனைக் கூப்பிட்டுக் காட்டினார். மீரான் சீட்டை மாட்டி முடித்த பிறகும் அமுக்கிக்கொண்டிருந்தார். கிளம்பலாமா என்று கேட்டேன்.

"கிளம்பிண்டே இருக்கோம். மூக்கு மூளியா இருக்கு பாரு. மேலே போய்ச் சித்த சந்தனம் அரைச்சுண்டு வா. பொட்டை வெச்சுட்டு எடுத்துடறேன்."

நான் ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். படிப்பக்கம் போகவில்லை, தெருப்பக்கம் நடந்தேன். சந்தனக்கல் மாடியில் இருக்கிறது என்று அவர் பின்னாலிருந்து கத்தினார். மாதுங்கா ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிப் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், இன்னும் ஊக்கைக் கையில் பிடித்திருக்கிறேன் என்பதே தெரிந்தது.

கல்யாணில் இறங்கும்போது அப்பாவின் வண்டி வந்து நின்றிருந்தது. ஜன்னலோரம் அவர், பக்கத்தில் துணைக்குப் போகும் அக்கா பிள்ளை. அப்பா என் வளையலைத் தடவிப் பார்த்தார்.

"ருக்குவா? மாப்பிள்ளை எங்கே?"

"பின்கண்ணாடி அலம்பிண்டிருக்கார்."

அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "நீ வந்தியே, அது போறும்" என்றார். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கார்டு விசில் ஊதுகிறவரைக்கும் என் கையை விடவில்லை. வண்டி நகர்ந்ததும் நான் வெட்கம் இல்லாமல் அழுதேன். அதற்கப்புறம் அப்பாவை நான் பார்க்கவில்லை.

அகிலாண்டம் கொடுத்த காப்பி பாதியில் இருக்கும்போது குவார்ட்டர்ஸ் வாசலில் ஹாரன் கேட்டது. இவர்தான். மூக்கில் புதுப் பொட்டு, இந்தத் தடவை துளையை விட்டுத் தள்ளி. சந்தனத்தை அவரே அரைத்திருக்கிறார், சட்டையெல்லாம் சந்தனம்.

"அப்பா போயிட்டாரா? அடடா. வழியெல்லாம் லாரிப் புழுதி ருக்கு. பின்கண்ணாடி மட்டும் பளிங்கு மாதிரி இருக்கு, வந்து பாரேன்."

"பார்த்தாச்சு."

"சரி, ஏறு. இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் இடுப்பில் செருகியிருந்த டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன்.

"நீங்க போங்கோ. நான் ரிட்டர்ன் எடுத்துட்டுத்தான் வந்தேன்."