மாத்தளையில் முடித்தவன்

"நளீர் வீட்டுல முடிச்சிட்டேன்."

ஹபீலைத் தூக்கில் போட அரசாங்கத் தரப்புக்கு இந்த ஒரு பேச்சே போதுமாயிருந்தது. கத்தி அகப்படவில்லை, கண்ணால் கண்டவரும் இல்லை. அலவத்துகொட வியாபாரி நளீர் தன் பாக்குக் களஞ்சியத்தில் குத்துண்டு செத்துக் கிடந்த காலையில், பஸ் சாரதி இராமையாவிடம் ஹபீல் சிரித்தபடி சொன்ன பேச்சு அது.

"அப்படித்தாங்க சொன்னாரு" என்று கூண்டில் ஏறி இராமையா ஒப்பித்தார். யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பு முதலியார் அதை இங்கிலீஷில், 'நளீர் வீட்டில் ஆளைத் தீர்த்துவிட்டேன்' என்றார். பத்திரிகைக்காரர்களின் பென்சில்கள் பறந்தன.

கொலைக்கு முந்தின நாள்தான் நளீரின் தங்கை ரபீகாவை ஹபீல் நிக்காஹ் செய்திருந்தான்.

இடைவேளையில் ஹபீல் தரப்பு ஜூனியர் வக்கீல் றிஸ்வி துடித்தான். "சேர், எங்கட ஊருல முடிக்கிறதென்டா கலியாணம் முடிக்கிறது! எழும்பி அதச் சொல்லுங்களேன்!"

ஹபீலுக்காக வாதாடும் அப்புக்காத்து சாஹுல் ஹமீது தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "நான் சொன்னா, கூலிக்குப் பேசுறான் என்பாங்க. ரபீகா சொன்னா, புருஷனக் காப்பாத்துறா என்பாங்க. ஹபீல ஆகாத வாய் சொல்லணும். அவங்கட அடுத்த சாட்சி பாயிஸா."

"பாயிஸாவா? ரபீகாவ தன்ட மகனுக்குக் கேட்டுக் கிடைக்காம, ஹபீல்ட ஈரலக் கேக்குற மனிசி சேர் அவ!"

"அதான் வேணும்."

பாயிஸா வந்தாள். ஹபீல் நளீரை மிரட்டியதாகக் கொட்டித் தீர்த்தாள். சாஹுல் ஹமீது எழுந்தார். மிரட்டலைப் பற்றி மூச்சே விடவில்லை; அக்காவைத் தாத்தா என்னும் ஊர் முறையில் கூப்பிட்டார்.

"தாத்தா, புள்ளைகள் சொகமா? மூத்தவர் எங்க?"

"மூத்தவன் மாத்தளையில முடிச்சான்."

முதலியார் இங்கிலீஷாக்கினார்: மூத்தவன் மாத்தளையில் ஆளைத் தீர்த்தான். நீதிபதித் துரையின் பேனா நின்றது.

"நடுவுலவர்?"

"அவன் கம்பளையில. ரெண்டு தரம் முடிச்சவன்."

ஜூரிமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இளையவர்?"

"அவனுக்கு ரபீகாவ முடிக்கத்தானே கேட்டேன்! இந்தப் படுபாவி குறுக்கால வந்தான்!"

துரை மேசையைத் தட்டினார். "ஒரே குடும்பத்தில் இத்தனை கொலையா? பொலிஸ் என்ன செய்தது?"

முதலியார் அதைத் தமிழில் சொன்னதுதான் தாமதம், பாயிஸா கூண்டை உலுக்கினாள். "கொலையா? கலியாணம் முடிச்சாங்க! வெள்ளக்காரத் தொரைக்கு வெளங்காட்டிப் பரவால்ல, கோட்டுப் போட்ட ஒங்களுக்குமா வெளங்கல்ல?"

"நாங்கள் கட்டுறது எண்டெல்லோ சொல்லுவம், அம்மா" என்று முதலியார் முனகினார்.

"கட்டுறதுக்கு அது என்ன மாடா?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. முதலியார் காது சிவக்க, துரையிடம் தன் பிழையை விளக்கினார். சாஹுல் ஹமீது உட்கார்ந்துவிட்டார். பாயிஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். காரியம் கடந்துவிட்டது.

உள்ளே போன ஜூரிமார் உட்கார்ந்த கதிரை சூடாகுமுன் திரும்பினார்கள். குற்றவாளி அல்ல. கொன்றவனைப் பொலிஸ் முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று.

வாசலில் ரபீகா காத்திருந்தாள். மறியல் சிறையில் மார்புவரை வளர்ந்திருந்த ஹபீலின் தாடியை மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கியது; குரல் மட்டும் கலங்கவில்லை.

"மொதல்ல பாபர் கடைக்குப் போங்க. இந்தக் கோலத்தோட வந்தா, யாரென்டு கேட்டுத்தான் கதவத் தொறப்பேன்."