வெளிச்சப் பலகை

சியோலிலிருந்து வந்த சபைப் பிள்ளைகள் எங்கள் ஊரில் ஏழு நாள் தங்கினார்கள். ஐந்து நாள் சிறுவர்களுக்கு வேதப் பள்ளி நடத்தினார்கள். ஊரில் மொத்தமே நான்கு சிறுவர்கள். ஆறாவது நாளுக்கு ‘ஓய்வும் சேவையும்’ என்று தாளில் அச்சடித்திருந்தார்கள். காலையில் கடலில் குளித்துவிட்டு வந்து தர்ப்பூசணி தின்றது ஓய்வு. மத்தியானம் ஆலயத்தில் கிழவிகளுக்கு நீண்ட ஆயுள் படம் எடுப்பது சேவை.

நீண்ட ஆயுள் படம் என்பது சாவு வீட்டில் வைக்கிற படம்தான். நன்றாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிட்டால் ஆயுள் கூடும் என்பார்கள்.

அந்தப் படம் அம்மாவுக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தாறு. கணையத்தில் புற்றுநோய், இலையுதிர் காலம் தாண்டாது என்று குவாங்ஜு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊரில் யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. அவளைப் பஸ்ஸில் கூட்டிப் போய்வரத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது; வாயில்லாத பெண்ணுக்குப் படிப்பும் ஏறவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதுவும் எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது.

அப்பா படகோடு கடலில் மூழ்கிப் போனபோது வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. ஓட்டுநர் உரிமத்தில் நகத்தளவு இருந்த முகத்தைப் பெரிதாக்கி வைத்தோம். மூடுபனிக்குள் நிற்கிற மாதிரி இருந்தார். பூ வைக்க வந்த ஒருவர் என்னிடம், “இவரா?” என்று கேட்டார்.

“என்னை அப்படி மங்கலா வெச்சிராதே, நாரே,” என்றாள் அம்மா அன்று காலை. காலர் வைத்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “எனக்குக் கேக்கக் கூச்சமா இருக்கு. நீ அந்தப் பையன்கிட்ட சொல்லு. ஒரே ஒரு படம்.”

“எதுக்குன்னு கேட்டா?”

“எதுக்குன்னு சொல்லாதே. படம்னு மட்டும் சொல்லு.”

அந்தப் பையன் தோயுன், கல்லூரி மாணவன். அவன்தான் கேமராக்காரன். ஆலயச் சுவரில் நீலத் துணி கட்டி, முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தான். ஒரு பெண் கிழவிகளுக்குப் பவுடர் போட்டுவிட்டாள்.

“இன்னும் பவுடர் அப்பு பொண்ணே,” என்றாள் யோசுக்காரம்மா. யோசுவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து அறுபது வருஷமாகியும் அவளுக்கு அதுதான் பேர். “மேல போனா என் வீட்டுக்காரன் என்னை அடையாளம் தெரியாம முழிக்கணும்.”

“சிரிங்க பாட்டி!”

“பல்லு செட்டை வீட்டுல வெச்சிட்டு வந்திருக்கேன், சிரிக்கச் சொல்றான் பாரு கட்டையில போறவன்!”

ஆலயமே குலுங்கியது. அம்மா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். தோயுன் பார்த்துவிட்டான்.

“அக்கா, நீங்க எங்க இங்க? எழுபது வயசுக்கு மேலதான். அடையாள அட்டையைக் காட்டுங்க பாக்கலாம்!”

“இவளுக்கு என்னடி அவசரம்?” என்றாள் யோசுக்காரம்மா. “எங்களையெல்லாம் வழியனுப்பிட்டு மெதுவா வாடி!”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் முதலில் சிரித்தாள். நான் பார்லி டீக் குடத்தோடு நான்கடி தள்ளி நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கோப்பைகளில் டீ ஊற்றினேன்.

“சும்மாதானே இருக்கீங்க அக்கா, இதைப் பிடிங்க,” என்று தோயுன் ஒரு வெள்ளிப் பலகையைக் கொடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி முகத்தில் அடிக்கிற பலகை. அம்மா தரையில் மண்டியிட்டு அதைப் பிடித்தாள். ஒவ்வொரு கிழவியாக வந்து உட்கார்ந்தார்கள். அம்மா அனுப்பிய வெளிச்சத்தில் அவர்கள் சுருக்கமெல்லாம் தணிந்து அழகானார்கள்.

“கொஞ்சம் மேல அக்கா. ஆடாம பிடிங்க.”

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அம்மா பிடித்த பலகை கீழே தாழ ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் போய்ப் பலகையைப் பிடித்தேன். அவள் தரவில்லை. முகவாயால் தோயுனைக் காட்டினாள். போய்ச் சொல்லு என்று அர்த்தம்.

கடைசிக் கிழவியும் எழுந்த பிறகு, அவன் நீலத் துணியின் ஒரு முனையை அவிழ்த்துவிட்டபோதுதான் எனக்கு வாய் வந்தது.

“அண்ணா. அம்மாவை ஒரு படம்.”

அவன் என்னைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“நாரே பேசிட்டா! டேய், எல்லாரும் வாங்கடா, நாரே பேசிட்டா!”

ஆறு நாளாக என்னைப் பேசவைக்க அவர்கள் ஜெபம் செய்திருந்தார்களாம். பதினோரு பேரும் ஓடிவந்தார்கள். அம்மாவை நடுவில் இழுத்து நிறுத்தினார்கள். என்னைப் பக்கத்தில் தள்ளினார்கள். நீலத் துணி ஒரு பக்கம் தொங்கியது.

“கையைத் தலைக்கு மேல, இதயம் மாதிரி! அக்கா, நீங்களும்!”

அம்மா என்னைப் பார்த்தாள். தனியா, நேரா, என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கையைத் தூக்கினேன். அவளும் தூக்கினாள்.

“கண்ணை மூடிட்டீங்க போலிருக்கே. பரவால்ல அக்கா, அழகா இருக்கு,” என்றான் தோயுன், எடுத்த படத்தைப் பார்த்து.

பிறகு எல்லோரும் என் தலையில் கை வைத்து, என் வாயைத் திறந்த கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள். தோயுன் அழுதான்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த நீலத் துணியை மடிச்சுட்டாங்களா?” என்று கேட்டாள்.

“மடிச்சுட்டாங்க.”

நகரத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு தரம் கிளம்பினோம். இரண்டு தரமும் பஸ் நிறுத்தத்திலேயே அவளுக்கு வலி வந்துவிட்டது. செப்டம்பரில் சட்டமிட்ட படங்கள் பாஸ்டர் வீட்டுக்கு வந்தன. எங்களுக்கு எல்லோரும் நிற்கும் அந்தப் படம் மட்டும் ஒரு உறையில் வந்தது. அக்டோபரில் அம்மா போனாள்.

படக் கடைக்காரர், “தனியா எடுத்தது இல்லையாம்மா?” என்று கேட்டார். மாணவர்களை வெட்டினார். தூக்கிய கைகளை வெட்டினார். கைகளோடு சட்டையும் போய்விட்டதால் கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தியின் ஹன்பொக் உடையை ஒட்டினார். “கண்ணையும் திறந்துடலாம், வேற ஒருத்தர் கண்ணை எடுத்து வெச்சு,” என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

யோசுக்காரம்மா பூவை வைத்துவிட்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் படம் அவள் வீட்டு அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது.

“ஏண்டி,” என்றாள். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் நாற்காலியை விட்டிருப்பேனேடி.”

நான் அவளுக்கு பார்லி டீ ஊற்றிக் கொடுத்தேன்.