ஈரல் இல்லாத வரைபடம்

மகள் ஓவியா பள்ளிக்கூடப் படியில் மூன்றாவது முறை விழுந்த அன்றுதான் கிருபாவதி தன் தம்பிக்குப் போன் செய்தாள். தம்பி ஈஸ்வரபாண்டி பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தான். உடம்புக்குள் எந்தப் புரதம் எதைத் தூண்டும், எதை அடக்கும் என்பதைப் புள்ளிகளும் கோடுகளுமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு புள்ளியை அணைத்தால் மற்றவை என்ன ஆகும் என்று கணக்குப் போட வைப்பது அவன் வேலை. சொந்த ஊரான கூடலூரில் அது யாருக்கும் விளங்கியதில்லை.

மதுரையில் சோதித்தார்கள். தசையைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு புரதம் அந்த எட்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் உருவாகவே இல்லை. மருந்து கிடையாது என்று சொல்லி டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

ஈஸ்வரபாண்டியால் சும்மா இருக்க முடியவில்லை. வார விடுமுறைகளில் உட்கார்ந்து தசைக்கென்று தனியாக ஒரு மாடல் கட்டினான். நானூற்றுப் பதினேழு புள்ளிகள். ஓவியாவுக்கு இல்லாத அந்த ஒன்றை அணைத்ததும் சுற்றியிருந்தவை வரிசையாக அடங்கிப்போயின. மீதி ஒவ்வொன்றையும் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு புரதத்தைக் கூட்டியபோது அடங்கியவற்றில் பாதி எழுந்து வந்தன. எண்களை மாற்றிப் பார்த்தான். அப்போதும் வந்தன. விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டியிருக்க வேண்டும். அக்காவுக்குத்தான் முதலில் போன் போட்டான்.

"அக்கா, ஒரு வழி தெரியுது."

"மருந்தா தம்பி?"

"மருந்து இல்லக்கா. கம்ப்யூட்டர்லதான். இன்னும் பாக்கணும்."

வழி என்ற சொல்லுக்குப் பிறகு அவன் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. சாயங்காலமே வீரபாண்டி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். அவள் கணவன் வேல்பாண்டி குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன். "மச்சினன் கண்டுபிடிச்சுட்டான்ல" என்று ஏறுகிற ஆட்களிடமெல்லாம் சொன்னான்.

பத்து நாள் கழித்துத்தான் ஈஸ்வரபாண்டி மாடலைத் தன் மேலதிகாரியிடம் காட்டினான். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல ஈரல் எங்க?"

"தசை மட்டும்தான் மேடம்."

"இதைக் கூட்டினா ஈரல் கெட்டுப்போகும். முன்னாடியே எலிக்குக் குடுத்துப் பார்த்தாங்க. ஒண்ணுகூடப் பிழைக்கல."

அவன் ஈரலையும் சேர்த்துக் கட்டி ஓட்டினான். அவர் சொன்னது சரிதான். கேட்டதற்கு மட்டுமே அந்த மாடல் பதில் சொல்லியிருந்தது. கேட்டவன் அவன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தான். கிருபாவதி காப்புக் கட்டி, மஞ்சள் சேலையில், புதுச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"அப்ப அது பிள்ளைக்கு ஆகாதா?"

"ஆகாதுக்கா. குடுத்தா உசுருக்கே ஆபத்து."

"வேற கோடு போட்டுப் பாரு."

"எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்."

"எல்லாம்னா?"

"மிச்சமிருந்த நானூத்திப் பதினாறும்."

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். குரல் ஏறவே இல்லை. "நீ ஏன்டா அன்னைக்குப் போன் பண்ணுன? டாக்டரம்மா சொன்னாக, நானும் அழுது முடிச்சிருந்தேன். மறுபடியும் மொதல்ல இருந்து அழச் சொல்றியே."

அவள் சட்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

"நேந்தது நேந்ததுதான். எடுக்காம விட முடியாது. நீ பிள்ளையப் பாத்துக்க."

மறுநாள் வீரபாண்டியில் வெயில் கொளுத்தியது. வேல்பாண்டி ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முன்னால் போக, கிருபாவதி வேப்பிலை சொருகிய சட்டியோடு நடந்தாள். ஈஸ்வரபாண்டி ஓவியாவைத் தோளில் ஏற்றிக்கொண்டான். கூட்டம் நெருக்கியது.

"கெட்டியாப் பிடிச்சுக்க ஆத்தா."

"கை மேல வர மாட்டேங்குது மாமா."

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து விளையாடிய கைகள். அவனே அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டான். புகையும் கொட்டுச்சத்தமும் சூழ்ந்துகொண்டன. அக்காவின் மஞ்சள் சேலை, ஆயிரம் மஞ்சள் சேலைகளுக்குள் போய்விட்டது.

"அம்மா தெரியுதா?"

"தெரியல மாமா. இன்னும் மேல தூக்கு."

அதற்கு மேல் தூக்க அவனால் முடியவில்லை.