வயிறு வெடித்த மத்தி

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. மூன்றாம் வரிசைப் பெட்டிகளின் மீனை, செவுளைத் திறந்து பார்க்காமலே 'பழையது' என்று எழுதிவிட்டேன்.

மீன் பதப்படுத்தல் மாலை வகுப்பு தொடங்குமுன் நாட்குறிப்பில் இதை எழுதிவிட்டு, 'சின்ன' என்பது சரிதானா என்று அவள் பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மீன் பதப்படுத்தும் ஆலையின் வாசலில் பெட்டிகளைச் சோதித்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. கண், வயிறு, செவுள் என்று தாளில் மூன்று கட்டங்கள். வயிறு தோற்றால் செவுளைப் பார்க்கத் தேவையில்லை என்பது அங்கே பழகிப்போன வழக்கம். காலையில் மூன்றாம் வரிசையில் வந்த மத்தி முழுக்க வயிறு வெடித்துக் கிடந்தது. கொண்டுவந்தவர் அவளுடைய சித்தப்பா.

"விடியக்காலையில வலையில ஏறினதும்மா. கையில எடுத்துப் பாரு, குச்சி மாதிரி நிக்குது."

"வயிறு கிழிஞ்சிருக்கே சித்தப்பா. சொந்தக்காரர்னு விட்டா என் சீட்டு கிழிஞ்சிடும்."

வரிசையில் நின்ற வண்டிக்காரர் விடவில்லை. "போன வாரத்து மீனைக் குளிப்பாட்டிக் கூட்டியாந்துட்டீங்களா அண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. மத்தி உரத்துக்கு அரைக்கப் போனது. மீன் கொடுப்பவர்கள் பட்டியலில் அவர் பெயரை மேலாளர் அடித்துவிட்டார். அந்த வாசலில் அதுவரை சித்தப்பாவின் சொல்லுக்கு மறுபேச்சு இருந்ததில்லை.

வகுப்பில் ஆசிரியை நொதிகளைப் பற்றி ஆரம்பித்தார். "செத்த பிறகும் மீனுக்குள்ள நொதி சும்மா இருக்காது. வயிறு நிறைய இரை தின்ன மீன்னா, குடல்ல இருக்கிற நொதி வயித்துச் சதையையே கரைச்சிடும். புடிச்ச சில மணி நேரத்துலயே வெடிச்சிடும்."

அவள் கையை உயர்த்தினாள். "விறைப்பு இன்னும் விடலைன்னா, மிஸ்?"

"அப்ப புது மீன்தான். செவுளைத் திறந்தா செக்கச்செவேல்னு இருக்கும். சீக்கிரம் கெட்டுடும், அதனால முதல் ஆளா அதைத்தான் உள்ள எடுக்கணும்."

வகுப்பு முடிந்ததும் நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த சித்தி வழிவிடவில்லை.

"வாங்க ஆபீசரம்மா. எங்க வயித்தையும் அமுக்கிப் பாக்க வந்தீங்களா?"

சித்தப்பா முற்றத்தில் காலிப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே வகுப்பில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குழாயை நிறுத்தினார்.

"காலையில எனக்கு இது தெரியாது சித்தப்பா."

"நான் சொன்னேனேம்மா."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. ஒரு மீனைக் கையில் எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் மறுபடி குழாயைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் தொடர்ந்தாள்.

நாளை: எட்டு மணிக்கு, வாசலில் வரிசை நிற்கும்போதே மேலாளரிடம் சொல்ல வேண்டும். தாளில் 'பழையது' என்பதை அடித்து, 'இரை தின்ற புது மீன். செவுளைப் பார்க்காதது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.