முழங்கை தாங்கும் சூடு

எல்லப்பனை ஐஸ் பெட்டியிலிருந்து நான்கு பேர் தூக்கிய நேரம் பார்த்துத்தான் வாசல் கேட்டருகே கெம்பம்மா அத்தையின் குரல் வெடித்தது. தலைமாட்டைப் பிடித்திருந்த முனிவேல் சித்தப்பா திடுக்கிட்டு நின்றார். கால்மாட்டைப் பிடித்திருந்த மகன் வெங்கட்டும் நின்றான். நடுவில் அப்பா அந்தரத்தில் கிடந்தார்.

"யாரைக் கேட்டுடி வந்த? கேட்டுக்கு இந்தப் பக்கம் காலை வெச்சின்னா நடக்குறதே வேற!"

திரும்பிப் பார்க்காமலே வெங்கட்டுக்குத் தெரிந்தது. ஜோதிமணிதான். ஏழு மாதமாக, வாரத்தில் ஆறு நாள் வந்து அப்பாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அவள் வரக்கூடாது என்று காலையிலிருந்து ஊரிலிருக்கிற சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தான். ஒரு சாமியும் கேட்கவில்லை.

"மொதல்ல பெஞ்சுல எறக்குங்கப்பா. கையை வுட்டுடப் போறீங்க," என்றார் சித்தப்பா.

ஷாமியானாவுக்கு அடியில், குளிப்பாட்டுவதற்காகப் போட்டிருந்த மரப்பெஞ்சில் அப்பாவைக் கிடத்தினார்கள். இடது காலில் முழங்கால் வரை ஆஸ்பத்திரிக் கட்டு. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு கேட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். சாவு வீட்டில் சண்டை என்று வந்துவிட்டால் ஒப்பாரிக்கு யார் காத்திருக்கிறார்கள்?

"எங்கண்ணன் காலைத் தடவித் தடவியே கொன்னுட்டு, கையில மாலை வேற கொண்டாந்திருக்கா பாருங்க! ஹோகே! போடி!"

கெம்பம்மா அத்தைக்குக் கோபம் வந்தால் கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. மிச்சமிருந்தால் தெலுங்கிலும் ஒரு தடவை. மாலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபின் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். வெங்கட்டின் அம்மா இறந்ததிலிருந்து இந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"அஞ்சு நிமிசம்மா. பாத்துட்டுப் போயிடறன்," என்றாள் ஜோதிமணி.

"என்னத்தைப் பாக்கப் போற? நல்லா வெந்திருக்கான்னு பாக்கவா?"

ஜோதிமணி அத்தையின் தோளுக்கு மேலாக வெங்கட்டைப் பார்த்தாள். அவன் குனிந்து அப்பாவின் வேட்டியைச் சரிசெய்தான். வேட்டி சரியாகத்தான் இருந்தது.

எல்லப்பன் முப்பது வருஷம் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கியவர். சர்க்கரை வந்து பதினைந்து வருஷம். கடைசி இரண்டு வருஷம் அந்தக் கால்கள் அவருடைய பேச்சைக் கேட்கவில்லை. மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். கொஞ்ச நேரத்தில் அதே கால் மரக்கட்டையாகக் கிடக்கும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடந்து வருவார். ஆனால் படுத்த பிறகு போர்வையின் ஓரம் பட்டால் போதும், ஐயோ என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். மாத்திரை கொடுத்த டாக்டரேதான், ஒசூரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கும் ஜோதிமணியைக் கைகாட்டினார். நாட்றாம்பாளையத்துக்காரி. பெங்களூரில் பயிற்சி எடுத்தவள்.

வந்த முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்: "இது சர்க்கரையைக் கொறைக்காதுப்பா. செத்த நரம்பைத் திருப்பித் தராது. எரிச்சல் கொஞ்சம் அடங்கும், தூக்கம் வரும். அவ்ளோதான்."

அப்பாவாம். அந்த ஒரு வார்த்தையிலேயே வெங்கட்டுக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

அவள் வேலையைப் பார்த்தபோது இன்னும் எரிச்சல் வந்தது. முதலில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர். அதில் கையை விடமாட்டாள். முழங்கையை வைத்துப் பார்ப்பாள். பிறகு காலைக் கழுவி, துடைத்து, ஒவ்வொரு விரலிடுக்கையும் டார்ச் அடித்துப் பார்ப்பாள். பிறகு கெண்டைக்காலுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் மூச்சு சீராகும்வரை அப்படியேதான். அப்புறம் முழங்காலிலிருந்து விரல் நுனிவரை மெதுவாக ஒரு வருடல். அமுக்க மாட்டாள், பிசைய மாட்டாள், எண்ணெய் தொடமாட்டாள். தோல் மட்டும் லேசாக நகரும். முக்கால் மணி நேரத்தில் அப்பா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவார். ஓர் அட்டைப்பெட்டியைப் பாதியாக வெட்டி, போர்வை படாமலிருக்கக் காலின்மேல் கூண்டு மாதிரி கவிழ்த்துவிட்டுப் போவாள்.

"கொழந்தைக்குத் தண்ணி ஊத்தற மாதிரி முழங்கையை வுட்டுப் பாக்கறீங்களே," என்று வெங்கட் ஒருநாள் குத்தலாகக் கேட்டான்.

"வேலை செஞ்ச கை பொய் சொல்லும் தம்பி. முழங்கை சொல்லாது. அப்பா காலுக்குச் சூடு தெரியாது. அவருக்கும் சேத்து நாமதான் தெரிஞ்சிக்கணும். ஒத்தடம் கித்தடம்னு எதையும் வெச்சிடாதீங்க."

"இதுக்கு ஒரு படிப்பு வேற!" அவள் போனபின் அத்தையிடம் சொல்லிச் சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பொம்பளை ஆம்பளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஊர் என்ன பேசுகிறது தெரியுமா என்று ஆரம்பித்தாள்.

ஊர் பேசியது வெங்கட்டுக்குப் பெரிதில்லை. அவனுக்கு வலித்தது வேறு. அவனும் ஒருநாள் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுப் பார்த்தான். அப்பா அலறிவிட்டார். அன்றிலிருந்து அவன் பக்கத்தில் போனாலே, "நீ வுடு சாமி. அந்தப் பொண்ணு வரட்டும்," என்பார். பெற்ற மகனின் கை உறுத்துகிறது, எங்கிருந்தோ வந்தவளின் கை இனிக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அடுப்புக்கு இன்னொரு கல்லு வேணும்டா," என்று முனிவேல் சித்தப்பா குரல் கொடுத்தார். "ரெண்டுதான் கெடக்குது."

மார்கழிக் குளிரில் அண்ணனைப் பச்சைத்தண்ணீரில் குளிப்பாட்ட விடமாட்டேன் என்று அத்தை காலையிலேயே சொல்லியிருந்தாள். வாசல் ஓரமாக விறகடுப்பு மூட்ட வேண்டும். சித்தப்பா கல் தேடிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தார்.

"நான் எடுத்தாறன் சித்தப்பா," என்று வெங்கட் அவசரமாக எழுந்தான். அதற்குள் கேட்டருகே சத்தம் பெரிதாகிவிட்டது. அத்தை ஜோதிமணியின் தோளைப் பிடித்துத் தள்ளியிருந்தாள். மாலையிருந்த பிளாஸ்டிக் கவர் கீழே விழுந்தது. யாரோ ஒருவர் வெங்கட்டின் கையைப் பிடித்து, "நீ போய் அத்தையைப் புடிப்பா," என்று அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஆஸ்பத்திரியில இவனே சொன்னான்ல? எண்ணெயைக் காய்ச்சி ஊத்தித் தேச்சான்னு டாக்டர்கிட்ட சொன்னான்ல? கேளுடி, இவனையே கேளு!" அத்தை வெங்கட்டின் கையைப் பிடித்து முன்னே இழுத்தாள். "சொல்றா!"

இத்தனை கிட்டத்தில் ஜோதிமணியை அவன் பார்த்து மூன்று வாரமாகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"எங்கிட்ட எண்ணெயே கெடையாது," என்றாள் அவள். அவனிடம்தான் சொன்னாள். "அது உங்களுக்கும் தெரியும்."

அவளுடைய ஊர்த் திருவிழாவுக்கு அவள் இரண்டு நாள் லீவு போட்டதில் வந்த வினை அது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வெங்கட் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை மாலூருக்குப் போயிருந்தாள். "காலு ஜில்லுனு செத்துப் போச்சுடா. அந்தப் பொண்ணு எப்ப வரும்?" என்றார்.

"ஏன், நான் இல்லியா?"

கொல்லையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து கேஸ் அடுப்பில் சுட்டான். அப்பாவின் பச்சைத் துண்டை அதன்மேல் சுற்றினான். சூடு சரியாக இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். எட்டு வருஷம் பவுண்டரியில் சூடு ஆறாத வார்ப்புகளைப் புரட்டிய கை அது. கொதிக்கிற டீ கிளாஸை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நிற்பான்; கேண்டீனில் அதற்குப் பந்தயமே நடக்கும். அந்தக் கைக்குச் செங்கல் இதமாகத்தான் இருந்தது. பாதத்துக்கு அடியில் வைத்தான்.

"சூடு தெரியுதாப்பா?"

"இல்லியே சாமி."

மறுபடி, முன்னைவிட அதிகமாகச் சுட்டான். மறுபடி இல்லை. மூன்றாவது தடவை கேட்டபோது அப்பா மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆங், இப்ப நல்லா இருக்குதுடா," என்றார். வெங்கட்டுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் சம்பளம் வாங்கிய முதல் நாளில்கூட வந்ததில்லை. கல்லை வைத்தது வைத்தபடி, அப்பாவின் காலடியிலேயே உட்கார்ந்து அசதியில் தூங்கிவிட்டான்.

மறுநாள் பாதமெல்லாம் கொப்புளம். திரும்பி வந்த ஜோதிமணி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். "யாரு சூடு வெச்சது?" என்றாள். "புதுச் செருப்பும்மா, கடிச்சிடுச்சி," என்றார் அப்பா. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். செருப்புக் கடிக்கா ஆஸ்பத்திரி என்று வெங்கட் நான்கு நாள் தள்ளிப்போட்டான். ஐந்தாம் நாள் கால் கருத்து, காய்ச்சல் வந்து, கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கேட்டபோது எண்ணெய்க் கதை அவன் வாயிலிருந்து தானாக வந்தது. அப்பா படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். சாகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இதென்னடா, கல்லுல துணி ஒட்டிக்கினு கெடக்குது?"

முனிவேல் சித்தப்பா பின்பக்கத்திலிருந்து வந்து நின்றுகொண்டிருந்தார். துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் வெங்கட் திணித்து வைத்திருந்த செங்கல் அவர் கையிலிருந்தது. பச்சைத் துண்டின் ஒரு பாதி கருகிச் செங்கல்லோடு ஒட்டிப்போயிருந்தது.

கெம்பம்மா ஜோதிமணியை விட்டுவிட்டு வந்து அதை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணன் துண்டு," என்றாள். "காணோம் காணோம்னு தேடினனே." பிறகு அவள் குரல் மறுபடி ஏறியது. "அடிப்பாவி! கல்லைச் சுட்டு வெச்சியாடி? எண்ணெ இல்லியா, கல்லா?"

கூட்டம் மொத்தமும் ஜோதிமணி பக்கம் திரும்பியது. அவள் செங்கல்லைப் பார்த்தாள், வெங்கட்டைப் பார்த்தாள். தப்பட்டைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். வெங்கட் ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பெஞ்சில் கிடந்த அப்பாவின் முகம் ஷாமியானாவைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியில் ஃபேனைப் பார்த்த அதே மாதிரி.

"நான்தான் வெச்சன் அத்தை."

"என்னடா சொல்ற?"

"கல்லு நான்தான் சுட்டன். இவங்க ஊருக்குப் போயிருந்தாங்க. எண்ணெ கிண்ணெயெல்லாம் நான் சொன்ன பொய்."

அறை பளாரென்று விழுந்தது. அத்தையின் கை அத்தனை கனமாக இருக்குமென்று அவன் நினைத்ததில்லை. இரண்டாவது அறைக்கு ஓங்கிய கை பாதியில் நின்றது. அவள் செங்கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

வெங்கட் கேட்டருகே போனான். "அக்கா," என்றான். ஏழு மாதத்தில் அவன் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"அக்கா நொக்கான்னு வேணாம்," என்றாள் ஜோதிமணி. "நான் வேலைக்குப் போற வீடு ராயக்கோட்டையில ரெண்டு, ஒசூர்ல ஒரு வீடு. எண்ணெ ஊத்திக் காலை வேக வெச்சவன்னு சொல்லி வர வேணாம்னுட்டாங்க. அந்த மூணு பேரும் தூக்கம் இல்லாம துடிச்சிக்கினு கெடக்கறாங்க. நீங்க போய் அவங்ககிட்ட சொல்லணும். இங்க சொன்ன மாதிரியே, உங்க வாயால."

"சொல்றங்க்கா."

"காரியம் முடியட்டும், கருமாதி முடியட்டும்னு சாக்கு சொல்லாதீங்க. நாளைக்கே."

அவள் குனிந்து மாலையை எடுத்து, மண்ணைத் தட்டினாள். உள்ளே வா என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒரு நிமிஷம் நின்றாள்போல. ஒருவரும் கூப்பிடவில்லை, வெங்கட்டும் கூப்பிடவில்லை. மாலையைக் கேட்டின் கம்பியில் மாட்டிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டாள்.

சித்தப்பா எங்கிருந்தோ வேறொரு கல் கொண்டுவந்து அடுப்பைக் கூட்டினார். தவலையில் தண்ணீர் காய்ந்தது. வெங்கட் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். தவலையை இறக்கி வைத்து, சித்தப்பா சொம்பை அவன் கையில் கொடுத்தார்.

"தலையிலேர்ந்து ஊத்து," என்றார்.

வெங்கட் சொம்பைக் கீழே வைத்தான். கையை மடக்கி, முழங்கையைத் தண்ணீரில் வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான்.

"சூடு ஜாஸ்தி," என்றான். "வெளாவணும்."

செத்தவருக்கு என்ன சூடு என்று பின்னாலிருந்து ஒருவர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். கெம்பம்மா எழுந்தாள். செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு, பச்சைத்தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் தவலையில் சாய்த்தாள்.

அவன் மறுபடி முழங்கையை வைத்துப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து அத்தை," என்றான்.